ஆளில்லா விமானத்துக்கு ஓர் ஆளி

இலங்கைப் பாடநூல்களில் சுவிட்சுக்கு ‘ஆளி’ என்று பெயர். தமிழ்நாட்டில் படித்துவிட்டு இங்கே வந்த எனக்கு அந்தச் சொல்லை முதலில் சொன்னவர் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர். ஆளி என்றதும் என் நினைவுக்கு வந்தது சங்கப் பாடல்களில் யானையைத் தாக்கும் விலங்குதான். ஆனால் விளக்கை ஆள்வது ஆளி என்று வைத்துக்கொண்டால் அழகான சொல்லாகத்தான் படுகிறது. கடையில் பெட்டியோடு வாங்கும் ட்ரோனில் அப்படி ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் உயிர் பெறும். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, மேசையில் உட்கார்ந்து பற்றவைத்து, பொழுதுபோக்காகக் கட்டிக்கொள்ளும் ட்ரோனில் மட்டும் ஆளும் இல்லை, ஆளியும் இல்லை.

அப்படியானால் அதை எப்படி இயக்குவது? பேட்டரியிலிருந்து வரும் மஞ்சள் நிற இணைப்பியை ட்ரோனிலிருந்து தொங்கும் அதன் ஜோடியோடு செருக வேண்டும். எக்ஸ்டி60 என்று அதற்குப் பெயர். செருகும்போது ‘சடக்’ என்று ஒரு சத்தமும் நீல நிறத்தில் ஒரு பொறியும் வரும். நிறுத்துவதற்கு அதே இணைப்பியைப் பிடித்து உருவ வேண்டும். பிடி இறுக்கமானது, நான்கு விசிறிகளுக்கு நடுவே விரல்களை நுழைத்துத்தான் இழுக்க வேண்டும். சன்னிவேலில் என்னைப் போல் மென்பொருள் எழுதிப் பிழைத்து வார இறுதியில் இதைக் கட்டுகிறவர்கள் பலர். புதிதாக வருகிற ஒவ்வொருவரும் கேட்கும் கேள்வி இது: சில டாலர் பெறும் ஒரு சுவிட்சை இடையில் வைத்தால் என்ன?

வைக்கலாம். ஆனால் பொத்தானை எங்கே ஒட்டுவது என்பதோடு அந்தக் கேள்வி முடிந்துவிடுவதில்லை.

முதலில் எவ்வளவு மின்சாரம் என்று பார்த்துவிடுவோம். ஐந்து அங்குல விசிறிகள் கொண்ட ட்ரோன் என்றால் பெரும்பாலும் ஆறு செல்கள் தொடராக அமைந்த லித்தியம் பாலிமர் பேட்டரி. முழுதாக மின்னேற்றியபோது 25.2 வோல்ட். ட்ரோன் ஓரிடத்தில் மிதக்கும்போது சுமார் பத்து ஆம்பியர் போதும். முழு வேகத்தில் செங்குத்தாக ஏறும்போதோ ஒவ்வொரு மோட்டாரும் முப்பது ஆம்பியருக்கு மேல் கேட்கும். நான்கும் சேர்ந்தால் நூறைத் தாண்டும். அமெரிக்க வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண விளக்குச் சுவிட்ச் 15 ஆம்பியருக்கானது. கைக்கு அடக்கமாகக் கிடைக்கும் குட்டிச் சுவிட்சுகளின் முதுகில் பெரும்பாலும் 3 அல்லது 5 என்றுதான் எழுதியிருக்கும்.

அதில் நூறு ஆம்பியரைச் செலுத்தினால் என்ன ஆகும்? சுவிட்சின் உள்ளே இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டுக்கொள்கின்றன. தொடும் இடத்தில் நூறில் ஒரு பங்கு ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். மிகச் சிறியதுதான். ஆனால் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு பெருகும். நூறின் வர்க்கம் பத்தாயிரம். அதில் நூறில் ஒரு பங்கு நூறு வாட். நம் ஊரில் ஒருகாலத்தில் கூடத்துக்கு ஒன்று தொங்கிய நூறு வாட் குண்டு பல்பின் சூடு அத்தனையும் சுண்டுவிரல் நகம் அளவு பிளாஸ்டிக் பெட்டிக்குள். பெட்டி உருகும். அதற்கு முன் மின்னழுத்தத்திலும் ஒரு வோல்ட் காணாமல் போயிருக்கும்.

இது தெரிந்த தொல்லை. பெரிய சுவிட்ச் வாங்கினால் தீரும், எடை கூடும், அவ்வளவுதான். அடுத்தது அவ்வளவு வெளிப்படையானது அல்ல.

செருகும்போது வரும் நீலப் பொறியைச் சொன்னேன். மோட்டார்கள் ஓடாதபோதே அது வருகிறது. அதற்குக் காரணம் மின்தேக்கிகள் (இலங்கையில் கொள்ளளவி). மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பலகை மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுப்பதால், அந்த அதிர்வுகளைத் தாங்கிக்கொள்ள அதன் வாயிலில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வைப்பது வழக்கம். காலியான மின்தேக்கி, பேட்டரியின் கண்ணுக்கு, நேரடியாகச் சேர்த்துக் கட்டிய இரண்டு கம்பிகளைப் போலத்தான் தெரியும். பேட்டரியின் உள்தடையும் கம்பிகளின் தடையும் சேர்ந்து 0.05 ஓம் என்றால், 25 வோல்ட்டை அதால் வகுத்துப் பாருங்கள்: 500 ஆம்பியர்! கம்பியின் நீளம் இதை ஓரளவு மட்டுப்படுத்தும் என்றாலும் உச்சம் சில நூறு ஆம்பியர்தான். சில நூறு மைக்ரோ நொடிகளில் அடங்கிவிடும். மொத்த ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு ஜூல்கூட இல்லை. ஆனால் அதில் பெரும் பகுதி, இரண்டு உலோகங்கள் முதன்முதலில் தொடும் ஊசிமுனை அளவு இடத்தில் இறங்குவதால் அந்த இடம் உருகுகிறது. எக்ஸ்டி60-ஐ ஓராண்டு பயன்படுத்தியவர்கள் அதன் தங்கப் பூச்சில் கருப்புக் குழிகளைப் பார்த்திருப்பார்கள். இணைப்பியில் அது வெறும் குழி, ஏனென்றால் பொறி விழுவது நுனியில், பறக்கும்போது மின்சாரம் ஓடுவது தண்டில். சுவிட்சில் இரண்டும் ஒரே இடம். பொறி விழுந்து கரடுமுரடான அதே பரப்பின் வழியாகத்தான் பின்னர் நூறு ஆம்பியர் போக வேண்டும். சில சமயம் உருகிய உலோகம் இறுகி இரண்டு துண்டுகளும் ஒட்டிக்கொள்ளும். சுவிட்ச் ‘ஆஃப்’ நிலைக்கு நகரும், மின்சாரம் நிற்காது.

இதில் நேர்மின்னோட்டத்தின் குணமும் சேர்ந்துகொள்கிறது. வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டம் இந்தியாவில் நொடிக்கு நூறு முறையும் அமெரிக்காவில் நூற்றிருபது முறையும் தானாகவே பூஜ்யத்தைத் தொட்டுப் போகிறது. சுவிட்சைத் திறக்கும்போது தாவும் தீச்சுடர் அடுத்த பூஜ்யத்தில் அணைந்துவிடும். பேட்டரியின் மின்னோட்டத்துக்குப் பூஜ்யமே கிடையாது. அதனால்தான் 250 வோல்ட்டில் பத்து ஆம்பியர் என்று பெருமையாக அச்சிட்டிருக்கும் சுவிட்சின் தகவல் தாளைத் திறந்தால், நேர்மின்னோட்டத்துக்கு முப்பது வோல்ட்டோடு நின்றுவிட்டிருக்கும்.

பொறியை மட்டும் தவிர்க்க எளிய வழி உண்டு. எக்ஸ்டி90எஸ் என்ற பெரிய இணைப்பியின் நுனியில் சுமார் ஐந்து ஓம் மின்தடை ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள். முதலில் அந்தத் தடை வழியாக ஐந்து ஆம்பியர் மட்டும் ஓடி மின்தேக்கியை நிரப்பும். முழுதாகச் செருகும்போது தடை விலகி நேரடித் தொடர்பு ஏற்படும். விருந்தாளிக்குச் சோறு போடுவதற்கு முன் கொஞ்சம் பாயசம் கொடுத்துப் பசியைத் தணிப்பது போல.

மின்னணுக்காரர்கள் சொல்லும் வழி மாஸ்ஃபெட். இது அசையும் பாகம் எதுவும் இல்லாத சுவிட்ச். வாயில் எனப்படும் ஒரு காலுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் மற்ற இரு கால்களுக்கு இடையே பாதை திறக்கும். வாயிலுக்கு மின்னோட்டம் அநேகமாகத் தேவையில்லை என்பதால் மிகச் சிறிய பொத்தானே போதும். நல்ல மாஸ்ஃபெட்டின் தடை ஆயிரத்தில் ஒரு ஓம். நான்கை இணையாக வைத்தால் நூறு ஆம்பியருக்கும் மொத்தம் இரண்டரை வாட் வெப்பம்தான். வாயிலை மெதுவாகத் திறந்தால் நீலப் பொறியும் இல்லை. மின்சறுக்குப் பலகைகளுக்கென்று இப்படிச் செய்த சுவிட்சுகள் கிடைக்கின்றன. (1985-ல் சன்னிவேலில் தொடங்கிய ஃப்ரைஸ் கடை 2021 பிப்ரவரியில் எல்லா ஊர்களிலும் மூடப்பட்டுவிட்டது. பழைய பாகங்களைக் குவித்து வைத்திருந்த வியர்ட்ஸ்டஃப் அதற்கும் முன்பே, 2018 ஏப்ரலில், போய்விட்டது. சிலிக்கான் பள்ளத்தாக்கில் வசித்துக்கொண்டு ஒரு டிரான்சிஸ்டருக்காகத் தபால்காரரை எதிர்பார்க்கிறோம்.)

மாஸ்ஃபெட்டில் ஒரு சின்னச் சூட்சுமம். வாயிலைத் திறக்க எளிது என்பதற்காகப் பலர் அதை எதிர்முனைக் கம்பியில் வைக்கிறார்கள். ட்ரோனில் கேமரா, ஜிபிஎஸ், வானொலி எல்லாவற்றுக்கும் எதிர்முனைதான் பொதுத் தரை. அதை ஓரிடத்தில் வெட்டினால், வேறு ஏதாவது மெல்லிய சமிக்ஞைக் கம்பி வழியாக மின்சாரம் வீடு திரும்பப் பார்க்கும். யுஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்திருந்தால் கணினி வழியாகவும் போகும். வெட்டுவதானால் நேர்முனையில் வெட்டுவதே முறை. அதற்கு வாயிலுக்குப் பேட்டரியைவிட அதிக மின்னழுத்தம் தேவைப்படும். அதற்கான தனிச் சில்லுகள் இருக்கின்றன.

இங்கேயே நிறுத்திவிட்டால் கேள்விக்கு விடை கிடைத்த மாதிரிதான். பெரும்பாலான விளக்கங்கள் இங்கே நின்றும் விடுகின்றன. ஆனால் இந்தச் சுவிட்ச் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

*

சான் மட்டேயோவில் இருக்கும் கோப்ரோ நிறுவனம் 2016 அக்டோபர் 23 அன்று கர்மா என்ற ட்ரோனை விற்பனைக்கு விட்டது. பதினாறே நாளில், நவம்பர் 8 அன்று, விற்ற சுமார் 2500 ட்ரோன்களையும் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. பறந்துகொண்டிருந்த சில ட்ரோன்கள் நடுவானில் மின்சாரம் இழந்து விழுந்திருந்தன. மென்பொருளிலோ மோட்டாரிலோ குறையில்லை. பேட்டரியைப் பிடித்து நிறுத்தும் தாழ்ப்பாள் அதிர்வில் தளர்ந்து, தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. தாழ்ப்பாளைத் திருத்தி 2017 பிப்ரவரியில் மீண்டும் விற்றார்கள். 2018 ஜனவரியில் ட்ரோன் தொழிலையே விடுவதாக அறிவித்தார்கள். பெயரை வைத்து எதையும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் நம் ஊர்க்காரர் யாராவது அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் வேறு பெயர் வைக்கச் சொல்லியிருப்பார்.

விமானத்தில் இஞ்சின் நின்றால் இறக்கைகளால் சறுக்கி இறங்கலாம். ஹெலிகாப்டரின் விசிறிகூட விழும் காற்றில் தானே சுழன்று ஓரளவு தாங்கும். நான்கு விசிறி ட்ரோனுக்கு இரண்டும் கிடையாது. மின்சாரம் போன நொடியில் அது கல். முப்பது மீட்டர் உயரத்திலிருந்து இரண்டரை நொடியில் தரைக்கு வரும். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மணிக்கு 87 கிலோமீட்டர் வேகம். 650 கிராம் எடையுள்ள ட்ரோன் அந்த வேகத்தில் சுமக்கும் ஆற்றல் 190 ஜூல். மணிக்கு 140 கிலோமீட்டரில் வரும் கிரிக்கெட் பந்துக்கு 120 ஜூல்தான். காற்று கொஞ்சத்தைத் தின்றாலும், கீழே நிற்பவர் தலையில் ஹெல்மெட் இல்லை.

ஆக, சங்கிலியில் புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு தொடர்பும் விட்டுப்போகக்கூடிய இன்னொரு இடம். நிமிடத்துக்கு இருபத்தைந்தாயிரம் சுற்றுகளுக்கு மேல் சுழலும் நான்கு மோட்டார்களுக்கு நடுவே வில்லும் பந்துமாக நிற்கும் ஒரு சுவிட்ச், கர்மாவின் தாழ்ப்பாளைவிட நல்ல நிலையில் இல்லை. கார்களிலும் இது நடந்திருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2014-ல் லட்சக்கணக்கில் கார்களைத் திரும்பப் பெற்றதே, அதன் மூலகாரணம் சாவித் துளைக்குப் பின்னால் இருந்த சுவிட்ச்தான். பிடிமானம் போதாமல், சாவிக்கொத்தின் கனத்திலோ சாலையின் குலுக்கலிலோ அது ஓடும்போதே நழுவியது. இஞ்சின் நின்றது, உயிர்காக்கும் காற்றுப் பைகளும் கூடவே செயலிழந்தன. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் மட்டும் 124.

அப்படியானால் வானில் சுவிட்ச் கெட்டால் ‘ஆன்’ நிலையிலேயே கெட வேண்டும். சரி, மாஸ்ஃபெட் பெரும்பாலும் அப்படித்தான் சாகும்: உள்ளே உருகி, பாதை நிரந்தரமாகத் திறந்துவிடும். பறக்கும்போது அது நமக்கு நல்லது. ஆனால் தரைக்கு வந்து, பொத்தானை அணைத்து, விசிறியில் சிக்கிய புல்லை எடுக்கக் கையை வைக்கும்போது? பொத்தான் ‘ஆஃப்’ என்கிறது. மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. தரையில் அது ‘ஆஃப்’ நிலையில் கெட வேண்டும். ஒரே சுவிட்சிடம் நேர் எதிரான இரண்டு குணங்களை எதிர்பார்க்கிறோம்.

இந்த முரண்பாட்டை எனக்குத் தெளிவாக்கியவர் ட்ரோனைத் தொட்டே பார்த்திராதவர். நண்பரின் அப்பா, ஈரோட்டுப் பக்கத்தில் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகனைப் பார்க்க ஆறு மாதம் வந்திருந்தார். என் மேசையில் கிடந்ததை உற்றுப் பார்த்துவிட்டு, “ஏனுங்க தம்பி, இதுக்கு சுவிட்ச் எங்கீங்க?” என்றார்.

“சுவிட்ச் இல்லீங்க அங்கிள். பேட்டரியைச் செருகினா ஆன், உருவினா ஆஃப்.”

எல்லோரையும் போலச் சிரிப்பார் என்று நினைத்தேன். தலையை ஆட்டினார். “அதுதானுங்க சரி. சுவிட்ச ஆஃப் பண்ணியாச்சுன்னு ஒருத்தன் சொல்றத நம்பி நாங்க கம்பத்துல ஏற மாட்டமுங்க. ஏபி சுவிட்சோட கத்தி பிரிஞ்சு நிக்கறதக் கண்ணுல பாக்கோணும். அப்பறம் எர்த் ராடு மாட்டோணும். அப்பறந்தான் ஏணி.” ஒரு கணம் நிறுத்தி, “பாக்காம ஏறினவங்களும் இருந்தாங்க” என்றார்.

மின்நிலையத்தில் இந்த வேலைக்கு இரண்டு தனிக் கருவிகள் இருக்கின்றன. ஓடும் மின்னோட்டத்தை வெட்டுவது சர்க்யூட் பிரேக்கர். அதன் வேலை மூடிய பெட்டிக்குள் நடக்கும். நமக்குத் தெரிவது ஒரு குறிமுள் மட்டும். அதை அடுத்து நிற்பது ஐசொலேட்டர். ஓடும் மின்னோட்டத்தை அதால் வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. பிரேக்கர் வெட்டிய பிறகு அதைத் திறந்தால், வெட்டவெளியில் ஓர் இடைவெளியைக் காட்டும். பிரேக்கர் பொய் சொல்லலாம், காற்று இடைவெளி பொய் சொல்லாது.

ட்ரோனிலும் இந்த இரண்டும் ஏற்கெனவே இருக்கின்றன, பெயர்தான் வேறு. கையில் இருக்கும் வானொலிப் பெட்டியில் ‘ஆர்ம்’ என்று ஒரு சுவிட்ச் உண்டு, அது பிரேக்கர். அதைத் தள்ளாமல் மோட்டார் சுற்றாது. பீட்டாஃப்ளைட் போன்ற மென்பொருள்களில், பேட்டரியைச் செருகும்போதே அந்தச் சுவிட்ச் தள்ளப்பட்டிருந்தால் மோட்டார்களுக்கு அனுமதி மறுக்கப்படும். கீழே தள்ளி மறுபடி ஏற்ற வேண்டும். எக்ஸ்டி60 ஐசொலேட்டர். உருவிய மஞ்சள் இணைப்பி ட்ரோனுக்கு வெளியே தொங்குவதைப் பத்தடி தூரத்திலிருந்தே பார்க்கலாம். அசௌகரியமான அந்தக் கம்பி முனையை வேறொன்றால் மாற்றிவிட்டு அதே நம்பிக்கையை எதிர்பார்க்க முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. மாஸ்ஃபெட் சுவிட்ச் மூடியிருந்தாலும் அதன் மின்னணுச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியை உறிஞ்சும். லித்தியம் பாலிமர் செல் ஒன்று மூன்று வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டது. அதை மறுபடி மின்னேற்ற முயன்றால் வீங்கலாம், தீப்பிடிக்கலாம். ஆகவே சுவிட்ச் வைத்தவரும் வீட்டுக்கு வந்ததும் பேட்டரியை உருவத்தான் வேண்டும். கடை ட்ரோன்களில் பொத்தான் பேட்டரிக்கு உள்ளேயே இருப்பது இதனால்தான். உள்ளே ஒரு குட்டிக் கணினி செல்களைக் கண்காணிக்கிறது. டிஜேஐ பேட்டரியில் ஒருமுறை தட்டிவிட்டு, மறுபடி அழுத்திப் பிடித்தால்தான் இயங்கும். கிளை உரசி அணைந்துவிடக் கூடாதல்லவா.

பிறகும் சுவிட்ச் வேண்டும் என்பவர்களை நான் தடுப்பதில்லை. மூட்டுவலியால் எக்ஸ்டி60-ஐ இழுக்க முடியாதவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பழைய மாதிரி விமானக்காரர்களின் உபாயத்தைச் சொல்கிறேன். பெட்ரோல் இஞ்சின் விமானங்களில் சுவிட்ச் வாங்கியின் சின்னப் பேட்டரிக்கு மட்டும்தான். அது விட்டுப்போனாலும் விமானம் கட்டுப்பாடு இழக்கும் என்பதால், தர்க்கத்தைத் தலைகீழாக்கிய மின்னணுச் சுவிட்சுகள் வந்தன. தொடர்பு சேர்ந்தால் ‘ஆஃப்’, பிரிந்தால் ‘ஆன்’. பொத்தான் உடைந்தாலும் அதன் கம்பி அறுந்தாலும் மின்சாரம் தொடரும். ட்ரோனின் மாஸ்ஃபெட்டையும் இப்படிக் கட்டலாம். தரையில் அது ‘ஆன்’ ஆகவே கெட்டுப்போனாலும், ஆர்ம் செய்யாதவரை மோட்டார் சுற்றாது. அதோடு, விசிறியைத் தொடும் முன் பேட்டரியை உருவும் வழக்கம் இருந்தால் போதும். மூட்டுவலிக்காரருக்கு அதைச் செய்ய உடன் ஓர் ஆள் வேண்டும். ஆளில்லா விமானம் என்ற பெயரை அப்படியே நம்பிவிடக் கூடாது.

எடையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் பொழுதுபோக்காகப் பறப்பவர்களுக்கு 250 கிராம் ஓர் எல்லைக்கோடு. அதற்குக் கீழே இருந்தால் எஃப்.ஏ.ஏ.வில் பதிவு தேவையில்லை. எட்டினால் ஐந்து டாலர் கட்டிப் பதிவு செய்ய வேண்டும். 2023-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, தன் அடையாளத்தை வானிலிருந்து ஒலிபரப்பும் கருவியும் வேண்டும். 240 கிராம் குட்டி ட்ரோனில் பதினைந்து கிராம் சுவிட்சை ஒட்டினால் அது சட்டத்தின் கண்ணில் வேறு பிராணி. சன்னிவேலில், ஒரு பக்கம் மொஃபெட், இன்னொரு பக்கம் சான் ஹோசே விமான நிலையம் என்று இருப்பதால், எடை எதுவானாலும் பறக்கும் முன் வான்வெளி அனுமதியைப் பார்த்தாக வேண்டும்.

உண்மையில், சுவிட்ச் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு மோட்டார் பிரச்சினையே இல்லை. பறப்பதற்காகக் காத்திருக்கும்போது, காற்றோட்டம் இல்லாமல் படம் அனுப்பும் கருவி சூடாகிறது. அதைத்தான் அணைக்க வேண்டும். அதற்குச் சில ஆம்பியர் தாங்கும் சுவிட்ச் போதும். அது கெட்டால் படம்தான் போகும்; ட்ரோன் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரை இறக்கிவிடலாம். சமீபத்திய கட்டுப்பாட்டுப் பலகைகள் பலவற்றில் இதற்கென்றே ஒரு மின்னணுச் சுவிட்ச் பலகையிலேயே இருக்கிறது. பீட்டாஃப்ளைட்டில் அதற்குப் பினியோ என்று பெயர். வானொலிப் பெட்டியில் சும்மா இருக்கும் ஒரு சுவிட்சை அதற்கு ஒதுக்கிவிட்டால் போதும். என் ட்ரோனில் இருப்பது இது ஒன்றுதான். கூடுதல் எடை எதுவும் இல்லை.